கொடைக்கானலில் ஓடப் போகிறீர்களா? எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்

மூன்று தடவை கொடைக்கானல் போய், மூன்றாவது தடவைதான் உருப்படியாக ஓடினேன். முதல் தடவை இ-பாஸ் எடுக்காமல் போய் சோதனைச் சாவடியில் ஒரு மணி நேரம் நின்றேன். அந்த எரிச்சலில் அன்று சாயங்காலமே ஏரியைச் சுற்றக் கிளம்பி, மூன்றாவது கிலோமீட்டரில் தலைவலியோடு ஓரமாக உட்கார்ந்தேன். இரண்டாவது தடவை நவம்பரில் போய், அறை ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டு தடவையும் கால் நன்றாகத்தான் இருந்தது. நேரம்தான் தப்பு. எந்த மாதம், எந்தக் கிழமை, எத்தனை மணி என்று தெரிந்துகொண்டால் கொடைக்கானல் போல ஓடச் சுகமான ஊர் தமிழ்நாட்டில் குறைவு. தெரியாமல் போனால் கார்களுக்கும் குதிரைகளுக்கும் நடுவில் ஒதுங்கி ஒதுங்கி நடந்துவிட்டு வர வேண்டியதுதான்.

சமவெளியில் 5 கி.மீ., 10 கி.மீ. நிற்காமல் ஓடப் பழகியவர்கள், மலையில் ஓடியதே இல்லாதவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

அறை, லீவு, கூட வரும் ஆள் எல்லாம் அப்புறம்.

ஜனவரி முதல் மார்ச் வரைதான் என் தேர்வு. மழை குறைவு, சாலை காய்ந்திருக்கும், காலையில் வானம் தெளிவாக இருக்கும். குளிர்தான் விலை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் விடிகாலையில் வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே போகும். பள்ளமான புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். மதுரைக்காரனான எனக்கு அந்தக் குளிரில் முதல் ஐந்து நிமிடம் அழுகையே வந்தது. பத்தாவது நிமிடம் ஜெர்கினைக் கழற்றி இடுப்பில் கட்டிவிட்டேன்.

ஏப்ரல், மே சீசன். ஓடுவதற்கு அப்போதும் குளிர்ச்சிதான், ஆனால் ஊரே சாலையில் இருக்கும். அந்த மாதங்களில் போயே தீர வேண்டும் என்றால் செவ்வாய், புதன், வியாழன் பாருங்கள். ஞாயிறு சந்தை நாளும்கூட. பேருந்து நிலையத்தைச் சுற்றி நடக்கவே இடம் இருக்காது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றும் சாரலும். ஓடலாம், ஆனால் காட்டோரத்தில் அட்டை இருக்கும். அக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை இந்த மலையில் வெளுத்து வாங்கும். மரம் விழும், மண் சரியும், மலைப்பாதையை மூடுவார்கள். பணம் கட்டிய அறைக்குப் போய்ச் சேரவே முடியாமல் போகலாம்.

2. இ-பாஸை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். சொந்த வண்டி, வாடகை வண்டி இரண்டுக்கும் வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை.

எடுப்பது சுலபம். தமிழ்நாடு அரசின் இ-பாஸ் இணையதளத்தில் கைப்பேசி எண்ணைப் போட்டால் ஓ.டி.பி. வரும். வண்டி எண், என்ன வகை வண்டி, எத்தனை பேர், என்றைக்கு வருகிறீர்கள், என்றைக்குத் திரும்புகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். நிரப்பினால் கியூ.ஆர். குறியோடு பாஸ் வந்துவிடும். கட்டணம் எதுவும் இல்லை. யாராவது பணம் வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று.

ஒன்று, மலையேறும் வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். நான் அப்படித்தான் நினைத்தேன். சாவடிக்கு வந்தபோது சிக்னல் ஒரு கோடு, ஓ.டி.பி. வரவில்லை, பின்னால் ஹாரன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தேன். எடுத்த பாஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், முடிந்தால் ஒரு பிரிண்டும்.

இரண்டு, வாடகைக் கார். டிரைவர் எடுத்திருப்பார் என்று நீங்கள் இருப்பீர்கள், நீங்கள் எடுத்திருப்பீர்கள் என்று அவர் இருப்பார். கிளம்பும் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் வண்டியை மாற்றி அனுப்பினால் எண்ணும் மாறும், பாஸும் புதிதாக எடுக்க வேண்டும்.

மூன்று, சீசன் உச்சவரம்பு. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் கடைசி வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று அளவு வைத்தார்கள். கோடையில் போகிறவர்கள் அந்த வருடம் என்ன விதி என்று அறை போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அறை கையில் இருந்து பாஸ் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

இது போக ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை. அறையில் எல்லோருடையதும் கேட்பார்கள், கூட வரும் தம்பியுடையதும் சேர்த்து.

இன்னொரு விஷயம், தண்ணீர் பாட்டில். ஓடுகிறவர்கள் எல்லோரும் இதில் மாட்டுவோம். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடை. கையில் வைத்திருந்தால் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஓட்டத்துக்குப் பிறகு குடிக்கலாம் என்று காரில் ஒரு கேஸ் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். எவர்சில்வர் பாட்டில் போதும்; அறையில் நிரப்பித் தருவார்கள்.

3. போய்ச் சேருவது மதியத்துக்குள்

ரயிலில் வருகிறவர்கள் கொடை ரோடு ஸ்டேஷன் என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அங்கிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 80 கி.மீ. மலைப்பாதையும் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து பேருந்தில் வந்தால் நான்கு மணி நேரம்.

தனியாகவோ இருவராகவோ ஓடப் போகிறவர்களுக்கு நான் பேருந்தைத்தான் சொல்வேன். பாஸ் வேண்டாம், பார்க்கிங் தேட வேண்டாம், செலவு கார் டீசலில் சின்னப் பங்கு. வளைவுகளில் வாந்தி வரும் ஆளாக இருந்தால் மலையடிவாரத்து வத்தலக்குண்டில் பரோட்டாவைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வாந்தியோடு மறுநாள் ஓட முடியாது, அனுபவம்.

அறையை எங்கே போடுவது என்பதில் கொஞ்சம் யோசியுங்கள். "ஏரி வியூ" என்று விளம்பரத்தில் இருக்கும் அறை பல நேரம் மேட்டின் உச்சியில் இருக்கும். ஏரி தெரியும்தான், ஆனால் அங்கிருந்து ஏரிச் சாலைக்கு இறங்கி, ஓடி முடித்த காலோடு மறுபடி செங்குத்தாக ஏற வேண்டும். ஏரிச் சாலைக்கோ ஏழு ரோடு சந்திப்புக்கோ நடந்து போகிற தூரத்தில் இருந்தால் போதும், வியூ வேண்டாம். வியூவைத்தான் காலையில் சுற்றி ஓடப் போகிறோமே.

அறை போடும்போது ஒரே ஒரு கேள்வி: வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? பல இடங்களில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரைதான். ஓடிவிட்டு ஒன்பதரைக்கு வந்து பச்சைத் தண்ணீரில் குளித்தவன் சொல்கிறேன், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. முதல் நாள் ஓடாதீர்கள்

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. நடக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓட ஆரம்பித்தால்தான் தெரியும்.

கீழே 6:15 பேஸில், அதாவது கிலோமீட்டருக்கு ஆறேகால் நிமிடத்தில், பேசிக்கொண்டே ஓடுகிறவன் நான். இங்கே முதல் நாள் அதே பேஸில் போனேன். ஒன்றரை கிலோமீட்டரில் பேச்சு நின்றது, இரண்டரையில் நெற்றிப்பொட்டு தெறித்தது. மூன்றாவது பயணத்தில் 7:20-இல் ஓடினபோது அதே ஏரி அமைதியாகச் சுற்றி வந்தது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் விட்டுக்கொடுங்கள். வாட்சைச் சட்டைக் கைக்குள் இழுத்து மூடிக்கொள்வது இன்னும் நல்லது.

வந்த அன்று நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். குளிரில் தாகம் எடுக்காது, அதனால்தான் ஏமாந்து போகிறோம். சாயங்காலம் அரை மணி நேரம் நடை, சீக்கிரம் சாப்பாடு, சீக்கிரம் தூக்கம். இரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதயப் பிரச்சினை இருப்பவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரையை மறந்துவிட்டு வந்து இங்கே கடை கடையாகத் தேடும் வேலை வேண்டாம்.

5. பையில் என்ன இருக்க வேண்டும்

புது ஷூ வேண்டியதில்லை. நான் சொல்லும் வழியெல்லாம் தார்ச்சாலைதான், கீழே ஓடுகிற ஷூவே போதும். ஆனால் அடிப்பகுதி தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தால் கொண்டுவராதீர்கள். பனியில் நனைந்த சாலை இறக்கத்தில் வழுக்கும். இரண்டாவது ஜோடி ஷூ இருந்தால் அவசியம் எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த ஷூ இந்த ஊர்க் குளிரில் மறுநாள் காலைக்குள் காயாது. ஒரு ஜோடிதான் என்றால் பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, இரவில் ஒரு தடவை மாற்றுங்கள்.

முழுக்கை பனியன், மேலே மெல்லிய விண்ட்சீட்டர், காதை மூடும் குல்லா. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், வேர்வையில் நனைந்து அப்புறம் அதுவே குளிரும். பளிச்சென்ற நிறத்தில் ஒரு சட்டை, தலையில் மாட்டும் சின்ன டார்ச். பனிமூட்டத்தில் சாம்பல் நிற டீ-ஷர்ட் போட்டவன் டிரைவருக்குத் தெரியவே மாட்டான். அறைக்குத் திரும்பியதும் கலக்கிக் குடிக்க ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கைந்து. ஐம்பது ரூபாய்க்குச் சில்லறை, டீக்கு.

6. முதல் ஓட்டம்: ஏரிச் சுற்று

ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சாலை. ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. நட்சத்திரம் போல விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் ஏரி என்பதால் சாலையும் வளைந்து வளைந்து போகும். எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும், அதை அடையப் பத்து நிமிடம் ஆகும். அதுதான் இந்தச் சுற்றின் வேடிக்கை. தொடங்கிய படகுத்துறை மூன்று தடவை கண்ணுக்குத் தெரிந்து மறையும்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது? கோயில் பிரகாரம் சுற்றுவது போல வலமாகச் சுற்றுங்கள். பக்திக்காகச் சொல்லவில்லை. வலமாகப் போனால் ஏரி உங்கள் வலப்பக்கம் இருக்கும். சாலையின் வலது ஓரத்தில் ஓடினால் தண்ணீரை ஒட்டி ஓடலாம், எதிரே வரும் வண்டியும் கண்ணுக்குத் தெரியும். இடமாகச் சுற்றினால் கரையோரம் ஓடும்போது வண்டி முதுகுக்குப் பின்னால் வரும்.

நேரம்: வெளிச்சம் வந்த பிறகு, எட்டு மணிக்கு முன்னால். ஜனவரியில் சூரியன் வர ஏறக்குறைய 6:40 ஆகும், மே மாதத்தில் ஆறு மணி. எட்டுக்கு மேல் வாடகை சைக்கிள்கள் இறங்கும், குதிரைகள் வரும், ஒன்பதுக்கு மேல் கார்கள். குதிரைச் சாணத்தில் பனி பட்டால் சோப்பு போல இருக்கும். ஏரியைப் பார்த்துக்கொண்டே ஓடி அதில் கால் வைத்து ஒரு தடவை விழுந்தேன்.

சரி, அப்படியானால் ஐந்து மணிக்கே போய்விடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மூன்றாவது பயணத்தின் முதல் காலை, ஐந்தே கால், டார்ச் வெளிச்சம் பனியில் மோதி வெள்ளையாகத் திரும்பி வருகிறது. டீக்கடைக்காரர் ஒருவர் அடுப்பு பற்ற வைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, எங்க கிளம்பிட்டீங்க? அந்த வளைவுல மாடு நிக்குது. வெளுக்கட்டும், உக்காருங்க" என்றார். ஊர் மாடு என்று நினைத்து நான் பத்தடி நடந்தேன். பனிக்குள் முதலில் தெரிந்தது நான்கு வெள்ளைக் கால்கள், காலுறை போட்டது போல. அதற்கு மேலே எங்கேயோ என் தலைக்கும் உயரத்தில் ஒரு மூச்சு, புஸ்ஸென்று ஆவி. காட்டெருமை. திரும்பி வந்து டீ குடித்தேன். இருபத்தைந்து நிமிடம் கழித்து அது ஒரு வீட்டு வேலியோரமாக நிதானமாக ஏறிப் போனது. டீக்கடைக்காரர் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இருட்டில் ஓடாதீர்கள். இந்த ஊரில் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

7. இரண்டாவது ஓட்டம்: அப்சர்வேட்டரி ஏற்றம்

ஏரிச் சுற்று சுலபமாக முடிந்தால் மறுநாள் இது. சூரிய ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரி மட்டத்திலிருந்து இருநூறு மீட்டருக்கு மேல் ஏற்றம், மூன்று நான்கு கிலோமீட்டருக்குள். ஓட முடியாது என்று தோன்றும் இடத்தில் நடங்கள், வெட்கமே வேண்டாம். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று நான் ஏறினேன். என்னைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பையோடு பேசிக்கொண்டே ஏறிப் போனது. அந்த ஊர் நுரையீரல் வேறு.

கவனம் தேவைப்படுவது இறக்கத்தில்தான். ஏறும்போது மூச்சுதான் போகும், இறங்கும்போது முழங்கால். காலை நீட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடிகளாக இறங்குங்கள். வளைவுகளில் உள்பக்கமாக ஒட்டி ஓடாதீர்கள், இறங்கும் ஜீப் அந்தப் பக்கம்தான் வெட்டி வரும். காதில் பாட்டு வேண்டாம். வளைவில் ஹாரன் சத்தம்தான் உங்களுக்குக் கண்.

8. நீண்ட ஓட்டம்: கோல்ஃப் மைதானம் வழியாகப் பைன் காடு வரை

இதற்காகவே நான் மறுபடியும் போவேன். ஏரியிலிருந்து மேலே ஏறி, கோல்ஃப் மைதானத்தை ஒட்டி, பசுமைப் பள்ளத்தாக்கைத் தாண்டித் தூண் பாறை வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 16 கி.மீ. பசுமைப் பள்ளத்தாக்கில் மேகம் இல்லாத காலையில் கீழே வைகை அணை தகடு போலத் தெரியும். ஏழரைக்கு மேல் மேகம் ஏறிவிட்டால் வெறும் வெள்ளைதான்.

மைதானத்து வேலியோரம் மெத்தென்ற புல், பனித்துளி, எதிர்ப்பக்கம் மரங்கள். பைன் காட்டுக்கு வந்தால் சத்தம் மாறும். ஊசி இலைகள் தரையெல்லாம் பரவிக் கிடப்பதால் காலடி ஓசையே கேட்காது, மேலே காற்று மட்டும் தூரத்து மழை போல. உள்ளே போய் ஓட ஆசை வரும். அந்த ஊசி இலைக்கு அடியில் வேர் மறைந்திருக்கும், கணுக்கால் மடங்கும். சாலையிலேயே இருங்கள்.

இந்த வழியில் உள்ள காட்சி முனைகளுக்கு வனத்துறை நுழைவுச் சீட்டு உண்டு, தொகை சில பத்து ரூபாய்தான். ஆனால் நீங்கள் ஓடிப் போகும் நேரத்தில் கவுன்டர் திறந்திருக்காது. ஏழு மணிக்கு ஒரு பூட்டிய கேட்டின் முன்னால் நின்று, திறப்பார்கள் என்று காத்திருந்து, உடம்பு குளிர்ந்து கால் பிடித்துக்கொண்டதுதான் எனக்கு மிச்சம். ஓட்டத்தையும் சுற்றிப்பார்ப்பதையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். காலையில் சாலையில் ஓடிவிட்டு வாருங்கள். குளித்துச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் பேருந்திலோ வண்டியிலோ போய்ச் சீட்டு வாங்கிப் பாருங்கள்.

திரும்பும் வழி எட்டு மணியைத் தாண்டினால் சுற்றுலா வேன்கள் எதிரே வர ஆரம்பிக்கும். சாலை குறுகலானது. 16 கி.மீ. எட்டு மணிக்குள் முடியாது என்றால் பசுமைப் பள்ளத்தாக்கிலேயே திரும்பிவிடுங்கள், ஏறக்குறைய 11 கி.மீ. வரும், அதுவே நல்ல ஓட்டம்.

கோக்கர்ஸ் வாக்? ஒரு கிலோமீட்டர் நடைபாதை, சீட்டு வாங்கி உள்ளே போய்ப் பார்க்கும் இடம். நடக்க அருமை. ஓடும் இடமில்லை.

9. ஓடக்கூடாத இடங்கள்

பேரிஜம் ஏரி. படத்தைப் பார்த்தால் ஓடத்தான் தோன்றும். ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், காட்டுக்குள். வனத்துறை அனுமதியோடு வண்டியில் மட்டும் போகலாம். வண்டி எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, யானை வந்தால் மூடிவிடுவார்கள். சோதனைச் சாவடியில் ஷூவைக் காட்டி "ஓடத்தான் வந்தேன்" என்று கெஞ்சிப் பயனில்லை.

வட்டக்கானலிலிருந்து டால்ஃபின் மூக்குக்கு இறங்கும் பாதையும் அப்படித்தான். தடை இல்லை, ஆனால் மரவேர்களும் கல்லுமாகச் செங்குத்தாக இறங்கும், முனையில் தடுப்பில்லாத பாறை. நடந்து போய் நடந்து வாருங்கள்.

சோலைக் காட்டுக்குள் குறுக்குப் பாதை இருக்கிறது, கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2013 முதல் இது வனவிலங்குச் சரணாலயம். அனுமதியில்லாமல் நுழைந்தால் அபராதம், வழக்கு. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு யாரும் இதில் கண்டும் காணாமல் இருப்பதில்லை. காட்டுப் பாதைதான் வேண்டும் என்றால் அரசின் மலையேற்றத் திட்டத்தில் இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள். 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீ சீசன் என்று அதையும் நிறுத்தி வைத்தார்கள். தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

10. மாடு, நாய், குரங்கு, அட்டை

காட்டெருமையைக் கண்டால் நில்லுங்கள். ஓடித் தாண்டலாம் என்று நினைக்க வேண்டாம். ஆண் மாடு ஒரு டன் வரை எடை, பார்க்கச் சாது போல இருக்கும். கன்றோடு இருந்தால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகவே போகாதீர்கள். முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள், செல்ஃபி வேண்டாம். மெதுவாகப் பின்வாங்கி, வேறு ஆளோ வண்டியோ வரும் வரை காத்திருங்கள். அது போகும், ஆனால் அதற்குப் பிடித்த நேரத்தில்.

நாய்களுக்கு ஓடுகிறவனைத்தான் பிடிக்காது. நடையாக மாறிவிட்டால் முக்கால்வாசி நாய் விட்டுவிடும். குரங்குக்குக் கையில் இருக்கும் வாழைப்பழம் தெரியக்கூடாது, அவ்வளவுதான். அட்டை ஏறிவிட்டால் பிடித்து இழுக்காமல் உப்போ மஞ்சள்தூளோ தூவுங்கள். சிறு பொட்டலம் பையில் இருக்கட்டும்.

11. செலவு எவ்வளவு ஆகும்

பெரிய செலவு அறைதான். சீசனில் அதே அறை இரண்டு மடங்குக்கும் மேல் கேட்பார்கள். ஜனவரியில் வார நாளில் போனால் பேரம்கூடப் பேசலாம். இரண்டு இரவு போதும்: முதல் நாள் ஓய்வு, இரண்டாம் நாள் காலை ஏரி, மூன்றாம் நாள் காலை ஏற்றம். மூன்று இரவு இருந்தால் மூன்றையும் ஓடலாம். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும் என்பவர்களுக்கு நான்கு.

இ-பாஸ் இலவசம். ஏரிச் சாலையிலும் மற்ற சாலைகளிலும் ஓடப் பணம் கிடையாது. வண்டி வைத்திருந்தால் பார்க்கிங். பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய். மீதி சாப்பாடு. ஓடி முடித்த பசியில் பிரெட் ஆம்லெட் கடைகளில் எவ்வளவு ஆகும் என்று நான் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

கிளம்பும் நாளில் ஒன்றைக் கவனியுங்கள். பல இடங்களில் அறையைக் காலி செய்யும் நேரம் பதினொன்று, சில இடங்களில் பத்து. கடைசி நாள் 16 கி.மீ. ஓடிவிட்டு, வெந்நீருக்குக் காத்திருந்து, ஈர ஷூவைப் பையில் கட்டி, பத்து மணிக்குள் சாவியைக் கொடுப்பது நடக்காத காரியம். நீண்ட ஓட்டத்தை நடு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் ஏற்றமோ, ஏரியை ஒரே ஒரு சுற்றோ போதும், முடிந்ததும் அந்த வளைவில் ஒரு டீ. ஈர ஷூவைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். இல்லாவிட்டால் வத்தலக்குண்டு வெயிலுக்கு இறங்குவதற்குள் பேருந்து முழுக்க உங்களைத் திரும்பிப் பார்க்கும்.